பாஷை தானாகச் சாவதில்லை

(நீலகிரி மலையடிவாரத்துக் கிராமமொன்றில் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "அழிந்துவரும் பாஷைகளும் அவைகளை மீட்பதும்" என்பதாகும். நான் காலேஜில் படித்தவனல்ல. பாஷை நூலில் பட்டம் வாங்கியவனுமல்ல. சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கிடைத்த புத்தகத்தைக் கிடைத்த நேரத்தில் படித்து, விளங்காததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டவன். ஆகவே நான் சொல்வதில் தப்பிருந்தால் கூட்ட முடிவில் தாராளமாய் எழுந்து கேளுங்கள். தப்பென்று தெரிந்தால் திருத்திக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

எனக்கு முன் பேசிய பெரியவர் ஒருவர், "பாஷை என்பதும் மனிதனைப் போலத்தான், பிறக்கும், வளரும், சாகும். எல்லாம் அதனதன் விதிப்படி நடக்கிறது. இதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று சொன்னார். அவர் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். ஆனால் தோழர்களே, இந்த "விதி" என்கிற வார்த்தை நம் நாட்டில் எத்தனை குற்றவாளிகளுக்கு ஜாமீன் கொடுத்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஒருவன் பட்டினியால் செத்தால் விதி. அவன் மகனைப் படிக்கவிடாமல் தடுத்தால் விதி. அவன் மகள் பத்து வயதில் தாலியறுத்தால் அதுவும் விதி. இப்போது அவன் பாஷை செத்தாலும் விதி என்கிறோம். விதி என்று சொல்லிவிட்டால் "யார் செய்தது?" என்று கேட்க வேண்டியதில்லையல்லவா? அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் நான் இங்கு நிற்கிறேன்.

பறவையோடு பேசிய கிழவி

அந்தமான் தீவில் போவா என்று ஒரு கிழவி இருந்தார். "போ" என்னும் பாஷையைப் பேசிய கடைசி மனுஷி அவர்தான். 2004-ம் வருஷத்துச் சுனாமியில் பிழைத்தவர். சுமார் 85 வயதில், 2010-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி, இந்த நாடு குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று, செத்துப்போனார். அவரோடு அந்தப் பாஷையும் போயிற்று.

அவருடைய பேச்சை எழுதி வைத்தவர் அன்விதா அப்பி என்கிற பாஷை ஆராய்ச்சிப் பேராசிரியை. அந்தக் கிழவி பறவைகளோடு தன் பாஷையில் பேசிக்கொண்டிருப்பார் என்று அந்த அம்மையார் தெரிவித்திருக்கிறார். ஏன் பறவையோடு பேசினார்? பைத்தியமா? இல்லை. அந்தப் பாஷையில் பதில் சொல்ல ஒரு மனிதர் கூட மிச்சமில்லை.

சரி, அந்த மனிதர்கள் எங்கே போனார்கள்? 1858-ம் வருஷத்தில் வெள்ளைக்கார சர்க்கார் அந்தமானில் கைதிகளுக்கென்று குடியேற்றம் அமைத்தது. அப்போது பெரிய அந்தமான் தீவுகளில் பத்துக் கூட்டத்தார் பல ஆயிரம் பேராக வாழ்ந்திருந்தார்கள். வந்தவர்கள் காட்டைப் பிடுங்கினார்கள், வியாதியைக் கொடுத்தார்கள். 1877-ல் தட்டம்மை வந்து கூட்டங் கூட்டமாய்ச் செத்தார்கள். இன்று அந்தப் பத்துக் கூட்டத்தாரின் சந்ததிகள் எல்லாரும் சேர்ந்தே சில பத்துப் பேர்தான். அவர்களும் வீட்டில் பேசுவது இந்தி. இதில் விதி எங்கே வந்தது? காட்டைப் பிடுங்கியது விதியா? தட்டம்மையைக் கப்பலில் ஏற்றி வந்தது விதியா?

அடித்துப் பிடுங்கிய நாக்கு

அமெரிக்காவுக்குப் போவோம். பென்சில்வேனியா மாகாணத்தில் கார்லைல் என்கிற ஊரில் 1879-ம் வருஷம் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்கிற பட்டாளத்து அதிகாரி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கினார். பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்குக் கொண்டுபோவது, தலைமயிரை வெட்டுவது, பெயரை மாற்றுவது, சொந்தப் பாஷையில் வாய் திறந்தால் தண்டிப்பது. அந்தப் பள்ளிக்கூடம் 1918 வரை நடந்தது. அதைப் பார்த்து அந்நாடெங்கும் இன்னும் பல நடந்தன. கானடா தேசத்தில் சர்க்காரும் பாதிரிகளும் சேர்ந்து நடத்திய இத்தகைய விடுதிப் பள்ளிகளில் சுமார் 1,50,000 பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள் என்று 2015-ல் அந்தத் தேசமே நியமித்த உண்மை கண்டறியும் கமிஷன் அறிக்கை எழுதியிருக்கிறது. ஹவாய்த் தீவில் 1896-ல் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லும் பாஷை ஆங்கிலமே என்று சட்டம் செய்தார்கள்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. எந்தப் பாஷையைப் பேசினதற்காகப் பிள்ளைகளைத் தண்டித்தார்களோ அதே நவஹோ பாஷை, இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க சர்க்காருக்குத் தேவைப்பட்டது. 1942-ல் நவஹோ வாலிபர்கள் 29 பேரைச் சேர்த்து, அவர்கள் பாஷையிலேயே ரகசியச் சங்கேதம் அமைத்துப் பட்டாளத்துச் செய்திகளை அனுப்பினார்கள். ஜப்பானியர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் காட்டுமிராண்டிப் பாஷையாக இருந்தது, உயிர் போகிற நேரத்தில் ராஜ்யத்தைக் காப்பாற்றுகிற பாஷையாகிவிட்டது! அப்படியானால் குற்றம் பாஷையிலா இருந்தது, அடித்தவன் புத்தியிலா?

அடியின் கொடுமை அடியோடு முடிவதில்லை. அந்தப் பள்ளியிலிருந்து வெளிவந்த பெண் பிற்பாடு தாயாகிறாள். தான் பட்ட அடியைத் தன் பிள்ளை படக்கூடாது என்று நினைத்து அதற்குத் தன் பாஷையைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிடுகிறாள். வாத்தியார் பிரம்பைக் கீழே போட்ட பிறகும் வெட்கம் என்கிற பிரம்பு வீட்டுக்குள்ளே அடித்துக்கொண்டிருக்கிறது. பாஷையைக் கொல்லுவதற்கு எல்லாரையும் கொல்ல வேண்டியதில்லை தோழர்களே. "உன் பேச்சு இழிவானது" என்று ஒரு தலைமுறையை நம்ப வைத்தால் போதும். மிச்சத்தை அவர்களே செய்துகொள்ளுவார்கள். பிறப்பில் இழிவு என்று நம்பவைக்கப்பட்ட நமக்கு இந்தத் தந்திரம் புதிதா?

மட்டமான பாஷை என்று ஒன்று உண்டா?

"அதெல்லாம் நாலு வார்த்தை உள்ள காட்டுப் பேச்சுதானே, அது போனால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தேவபாஷை, நீசபாஷை என்று பிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்படிக் கேட்க முடியும்.

அந்தமான் பாஷையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே மனித உடம்பை ஏழு பாகமாய்ப் பிரித்து, எந்த வார்த்தை எந்தப் பாகத்தைச் சேர்ந்தது என்பதை வார்த்தையின் முன்னாலேயே ஓர் ஒட்டு வைத்துக் காட்டுகிறார்கள். அந்த இலக்கணத்தை விளங்கிக்கொள்ளப் படித்த பேராசிரியைக்கே வருஷக்கணக்காயிற்று. இதோ நமக்கு மேலே இருக்கும் மலையில் தோடர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் "ர", "ற" என்று இரண்டு எழுத்து. அதையே பாதிப்பேர் ஒன்றாகத்தான் சொல்லுகிறோம். தோடர் பாஷையில் அந்த இனத்து ஒலிகள் மட்டும் ஆறு விதம் உண்டு என்று மெஷின் வைத்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஆறையும் தோடர் வீட்டுக் குழந்தை தப்பில்லாமல் சொல்லும். நாம் பத்து வருஷம் முயன்றாலும் சொல்லுவது சந்தேகம். இதில் யார் நாக்கு மட்டம்?

எழுத்தில்லை என்பது ஒரு குறைதான். ஆனால் அது பாஷையின் குறையல்ல. எழுத்து என்பது மனிதன் செய்த கருவி. கலப்பை இல்லாதவனுக்குக் கலப்பை கொடுக்கலாம். "நீ மனிதனே அல்ல" என்று சொல்லலாமா?

கனவு கண்டவர் அகராதி செய்தார்

இனி, செத்தது எழுந்த கதையைச் சொல்லுகிறேன். புராணக் கதையல்ல, நம் காலத்தில் நடந்தது.

1620-ல் இங்கிலாந்திலிருந்து வந்த கப்பற்காரர்கள் மாசச்சூசட்ஸ் கரையில் குடியேறியபோது அங்கே வாம்பனோக் என்கிற பூர்வகுடிகள் இருந்தார்கள். ஜான் எலியட் என்கிற பாதிரி, அவர்களைக் கிறிஸ்தவர்களாக்குவதற்காக, அவர்கள் தேசத்துப் பாஷையில் பைபிளை மொழிபெயர்த்து 1663-ல் அச்சிட்டார். அமெரிக்கா கண்டத்தில் முதன் முதல் அச்சான பைபிள் அதுதான். இங்கிலீஷ் பைபிள் கூட அல்ல. அந்த ஜனங்களும் எழுதப் படிக்கக் கற்று, நிலப் பத்திரம், உயில், மனு, கடிதம் எல்லாவற்றையும் தங்கள் பாஷையிலேயே எழுதினார்கள். பிறகு நிலம் போயிற்று, ஜனங்கள் சிதறினார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேசுகிறவர்களே இல்லாமற் போயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பாஷை எவர் வாயிலும் இல்லை.

ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்ட் என்கிற அம்மையார் அந்தக் குலத்தில் பிறந்தவர். பாஷை நூல் ஒன்றும் படித்தவரல்ல. தன் முன்னோர்கள் தனக்கு விளங்காத பாஷையில் பேசுவதாகத் திரும்பத் திரும்பக் கனவு வந்ததாய் அவர் சொல்லுகிறார். தோழர்களே, கனவு கண்டவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. இங்கே ஒருவர் கனவு கண்டால் மறுநாள் காலையில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, உண்டியல் வைத்து, மூன்றாம் நாள் திருவிழா நடத்தி விடுவோம். அந்த அம்மையார் உண்டியல் வைக்கவில்லை. 1993-ல் தம் மக்களைக் கூட்டிப் பாஷையை மீட்கும் வேலையைத் தொடங்கினார். மாசச்சூசட்ஸ் தொழில் நுட்பக் கலாசாலைக்குப் போய், கென்னத் ஹேல் என்கிற பெரிய பாஷை அறிஞரோடு உட்கார்ந்து படித்து, 2000-ல் பட்டம் வாங்கினார். அந்தப் பழைய பைபிளையும் பத்திரங்களையும் வரிவரியாய் அலசி, 10,000 வார்த்தைக்கு மேற்பட்ட அகராதிக்கு வழி செய்தார். தம் பெண் குழந்தையைப் பிறந்தது முதல் அந்தப் பாஷையிலேயே வளர்த்தார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அந்தப் பாஷையைத் தாய்ப்பாஷையாகப் பேசிய முதல் குழந்தை அதுதான்.

மதம் மாற்ற அச்சிட்ட புத்தகம், மாற்றப்பட்டவர்களின் பாஷைக்கு விதைநெல்லாக இருந்தது. பாதிரியின் நோக்கம் ஒன்று, பலன் வேறொன்று. ஜனங்கள் தங்கள் கையால் எழுதிய நிலப் பத்திரங்கள் இன்னும் பெரிய உதவி. நம் கையெழுத்தில் நாம் எழுதி வைப்பது எதுவும் வீண் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

விடுபட்ட வார்த்தையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பைபிளில் இல்லாத வார்த்தைக்கு என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்குதான் அறிவு வேலை செய்கிறது. அற்புதம் வேலை செய்வதில்லை.

இந்தப் பக்கத்தில் உங்களில் பலருக்குக் கன்னடம் பழக்கம். நாம் "பால்" என்பதை அவர்கள் "ஹாலு" என்கிறார்கள். "பல்" அங்கே "ஹல்லு". "புலி" அங்கே "ஹுலி". "பாம்பு" அங்கே "ஹாவு". இதிலிருந்து என்ன தெரிகிறது? வார்த்தையின் முதலில் நம்முடைய "ப" இருக்கும் இடத்தில் அவர்களுக்கு "ஹ" வருகிறது. இப்போது கன்னடத்தில் தங்கத்துக்கு உள்ள பழைய வார்த்தை தொலைந்து போனதாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் "பொன்" இருக்கிறது. ஆகவே அங்கே "ஹொன்னு" என்றிருக்கலாம் என்று ஊகிக்கலாம். உண்மையில் அப்படியேதான் இருக்கிறது! வாம்பனோக் பாஷைக்கும் அக்காள் தங்கை பாஷைகள் பல உண்டு. அவைகளில் உள்ள வார்த்தைகளை வரிசையாய் வைத்து, ஒலி மாறுகிற முறையைக் கண்டு, இல்லாத வார்த்தையை உருவாக்கினார்கள். ஊகம் ஊகம்தான், பழைய காகிதத்தில் வேறு விதமாய் அகப்பட்டால் உடனே திருத்திக்கொள்ள வேண்டும். "ரிஷி சொன்னார், மாற்றக்கூடாது" என்பது அங்கே இல்லை.

மயாமியா என்னும் இன்னொரு கூட்டத்தார். 1846-ல் சர்க்கார் அவர்களை இந்தியானாவிலிருந்து கட்டாயமாய் மேற்கே ஓட்டிற்று. 1960-களோடு சரளமாய்ப் பேசுகிறவர்கள் தீர்ந்துபோனார்கள். டேவிட் காஸ்டா என்கிற ஆராய்ச்சியாளர் பழைய பாதிரிகளின் கையெழுத்து அகராதிகளையும் பிறர் எடுத்த குறிப்புகளையும் திரட்டி 1994-ல் இலக்கண ஆராய்ச்சி எழுதி முடித்தார். டாரில் பால்ட்வின் என்கிற அந்தக் குலத்தவர் அதைக்கொண்டு தாமும் கற்று, வீட்டில் தம் பிள்ளைகளையும் அந்தப் பாஷையில் பேச வைத்தார். "எங்கள் பாஷை செத்துப் போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது" என்பது அவர்கள் வாதம். எழுதி வைத்தவன் இருந்தால் அது தூக்கம், இல்லாவிட்டால் சாவு. போவா கிழவிக்கு முன் செத்த எத்தனையோ கடைசி மனிதர்களுக்கு எழுதி வைக்க ஒருவரும் வரவில்லை.

கர்ப்பக்கிரகத்தில் பூட்டிய அகராதி

ஆனால் எழுதி வைப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன்.

ஜான் ஹாரிங்டன் என்று அமெரிக்க சர்க்கார் ஆராய்ச்சி இலாகாவில் இருந்தவர் ஒருவர், 1961-ல் காலமானார். கலிபோர்னியாவின் பூர்வகுடிப் பாஷைகளைச் சாப்பாடு தூக்கம் பாராமல் எழுதினார். அவர் விட்டுப்போன குறிப்புகள் சுமார் 10 லட்சம் பக்கம். ஆனால் உயிரோடிருந்தவரை மற்றவர்களுக்குக் காட்டாமல் ஒளித்து ஒளித்து வைத்தார். பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டியின் பேச்சைத் தேடி தூரதேசத்துக் காட்சிசாலைக்குப் போக வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் பர்க்கிலி சர்வகலாசாலையில் "உயிர் மூச்சு" என்கிற பொருளில் பெயர் வைத்து ஒரு பயிற்சி முகாம் நடத்தி, அந்த ஜனங்களே வந்து தங்கள் முன்னோர் குறிப்பைப் படித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள்.

பாட்டி வாயால் சொன்னது. பேரன் அதைப் படிக்க இன்னொருவனிடம் அனுமதி கேட்க வேண்டும். கோயிலைக் கட்டினவன் வெளியே நிற்க, பூசை செய்கிறவன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட கதை இதுதானே? அறிவாளி என்பவன் புதிய பூசாரியாகிவிடக் கூடாது. எவருடைய பாஷையோ, சாவி அவர் கையில் இருக்க வேண்டும். எதை அச்சிடுவது, எதை அச்சிடாமல் வைப்பது, எந்த எழுத்தில் எழுதுவது என்கிற முடிவு அவர்களுடையது.

இங்கே பகுத்தறிவு பேசுகிற நமக்கு ஒரு சங்கடம் வரும். மலைமேல் தோடர்களின் பால்மனைச் சடங்கில் சொல்லும் பிரார்த்தனையில் மலை, ஓடை, எருமைத் தொழுவம் இவைகளுக்கெல்லாம் தனிப்பெயர்கள் வருகின்றன. ரிவர்ஸ் என்கிற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே அதை எழுதியிருக்கிறார். "சடங்கு மூடத்தனமாயிற்றே, அதை ஏன் எழுத வேண்டும்?" என்று நம் தோழர்களிலேயே ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். எனக்கு அந்தப் பிரார்த்தனையால் எருமை ஒரு ஆழாக்குப் பால் கூடக் கறக்கும் என்ற நம்பிக்கையில்லை. ஆனால் அந்த ஓடைக்கு ஒரு பெயர் இருந்தது என்பதும், அதை வைத்தவர்கள் யார் என்பதும் சரித்திரம். சடங்கை ஒப்புக்கொள்ளுவது வேறு. வார்த்தையைக் காப்பாற்றுவது வேறு. அதை வைத்துக்கொள்ளுவதா விடுவதா என்று நாளைக்கு அவர்கள் பிள்ளைகளே அறிவைக்கொண்டு தீர்மானித்துக்கொள்ளட்டும். தீர்மானிப்பதற்கு முதலில் பொருள் கையில் இருக்க வேண்டுமல்லவா?

இன்னொரு குறை. பழைய ஆராய்ச்சியாளர்கள் கதை, பாட்டு, சடங்கு, இலக்கணம் எல்லாம் எழுதினார்கள். "சாப்பிட்டாயா?", "மூக்கைத் துடை", "எங்கேடா சுற்றிவிட்டு வருகிறாய்?", "கடன் எப்போது தருவாய்?" என்பன போன்ற பேச்சை எழுதவில்லை. ஆனால் பிற்காலத்தில் பிள்ளைக்குப் பாஷை சொல்லித்தர நினைக்கும் தாய்க்கு முதலில் வேண்டியது எது? தேவர் கதையா? இல்லை, பிள்ளையைக் குளிக்கக் கூப்பிடும் வார்த்தை. ஆகையால் எழுதுகிறவர்கள் அடுப்பங்கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

புத்தகம் பேசாது, பிள்ளை பேசும்

எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் பாஷை பிழைத்துவிடாது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1972-ல் 30,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டுத் தங்கள் பாஷையைப் பள்ளியில் கற்பிக்கும்படி பார்லிமெண்டுக்கு மனுக் கொடுத்தார்கள். 1982-ல் "பாஷைக் கூடு" என்னும் பொருளில் "கோஹங்கா ரேயோ" என்று பெயரிட்டுக் குழந்தைப் பள்ளி தொடங்கினார்கள். பாஷை தெரிந்த பாட்டிமார்கள் வந்து உட்கார்ந்து, பள்ளிப்பருவம் எட்டாத குழந்தைகளோடு மாவோரியிலேயே பேசினார்கள். நாடெங்கும் அது பரவிற்று. 1987-ல் மாவோரி அந்நாட்டின் அரசாங்கப் பாஷைகளில் ஒன்றாயிற்று.

ஹவாய்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே பாஷை தெரிந்த சிறுவர்கள் ஐம்பது பேர் கூட இல்லை என்கிற நிலைமை. 1983-ல் சங்கம் வைத்து அதே மாதிரிக் குழந்தைப் பள்ளிகளை ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கை கொடுத்தது எது தெரியுமா? பத்திரிகை! 1834 முதல் 1948 வரை ஹவாய் பாஷையில் வந்த பத்திரிகைகளின் பக்கங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அதில் அரசியல் உண்டு, மரண அறிவிப்பு உண்டு, மழைக்குள்ள பெயர் உண்டு, சண்டை உண்டு. அவைகளை ஆயிரக்கணக்கான பேர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். நாலணாப் பத்திரிகை என்று கேலி செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நம் வீட்டு யோக்கியதை

இதுவரை வெள்ளைக்காரன் செய்த அக்கிரமத்தைக் கேட்டுக் கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குக் கை தட்டுவீர்களோ என்னவோ தெரியாது.

1961-ம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்தியாவில் 1,652 தாய்ப்பாஷைப் பெயர்கள் பதிவாயின. 1971-ல் அச்சான பட்டியலில் நூற்றுச் சொச்சம்தான். பத்து வருஷத்தில் 1,500 பாஷை செத்ததா? இல்லை. 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் பாஷையைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை என்று தீர்மானித்து, "மற்றவை" என்கிற ஒரே குழியில் தள்ளினார்கள். நீலகிரியின் தோடர் பாஷை பேசுகிறவர் இரண்டாயிரத்துக்கும் குறைவு. கோத்தர் பாஷை அதிலும் குறைவு. ஆகவே அவர்கள் "மற்றவை". 2011-ம் வருஷக் கணக்கில் சமஸ்கிருதத்தைத் தாய்ப்பாஷை என்று எழுதிக்கொடுத்தவர்கள் 24,821 பேர். அதற்கு 2020-ல் மூன்று மத்திய சர்வகலாசாலைகள் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். சின்னப் பாஷைகளை எழுதி வைப்பதற்கும் மைசூரிலுள்ள இந்தியப் பாஷைகளின் மத்திய ஸ்தாபனத்தில் 2013-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள் என்பதையும் நியாயமாய்ச் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று சர்வகலாசாலை எங்கே, ஒரு திட்டம் எங்கே?

டில்லியைத் திட்டினது போதும்; நம்மைப் பார்ப்போம். எமெனோ என்கிற அறிஞர் 1935 முதல் 1938 வரை இங்கே தங்கி, தோடர், கோத்தர் பாஷைகளைக் காதால் கேட்டுக் கேட்டு எழுதினார். கோத்தர் கதைகளைப் புத்தகமாக்கினார்; தோடர் பாட்டுக்களை 1971-ல் வெளியிட்டார். எங்கோ கானடாவில் பிறந்த ஒருவர் ஏறி வந்த மலையில், அடிவாரத்திலிருக்கும் நாம் எத்தனை பேர் ஒரு வார்த்தை கேட்டோம்?

நான் சிறுவனாயிருந்தபோது சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தேனும் மெழுகும் விற்பார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டு, நாங்கள் நாலைந்து பையன்கள் பின்னாலேயே போய் அதைப்போல் உளறிக் காட்டிச் சிரிப்போம். பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை, அவர்களும் சிரித்தார்கள். சில வருஷங்களுக்கு முன் மலைப் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் ஒரு பாட்டியும் பேரனும் இருந்தார்கள். பாட்டி அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டது. பையன் சுற்றிலும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் தமிழிலே பதில் சொன்னான். "தம்பி, பாட்டி பேசுவது என்ன பாஷை?" என்று கேட்டேன். "அது பாஷையே இல்லீங்க, சும்மா எங்க பேச்சுங்க" என்றான். அவனை இப்படிச் சொல்ல வைத்தது யார்? எந்தப் பிராட் துரை வந்தான்? சந்தையில் சிரித்த நான்தான் தோழர்களே, அவனை அப்படிச் சொல்ல வைத்தேன்.

நம்மேல் இன்னொரு பாஷையைத் திணிக்க வந்தால் பொங்கி எழுகிறோம், எழ வேண்டியதுதான். ஆனால் நமக்கு மேலே இருப்பவன் நம்மைச் செய்தால் கொடுமை, நமக்குக் கீழே இருப்பவனை நாம் செய்தால் நாகரிகம் என்றால், அது ஜாதிப் படிக்கட்டின் நியாயமே தவிர சுயமரியாதையின் நியாயமல்ல.

"அப்படியானால் மலைப்பிள்ளைகள் தமிழும் இங்கிலீஷும் படிக்காமல் காட்டிலேயே கிடக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். ஒருக்காலும் வேண்டாம். டாக்டராகட்டும், இஞ்சினீயராகட்டும். ஒரு குழந்தையின் தலையில் மூன்று பாஷைக்கு இடமுண்டு என்பதை இந்த அடிவாரத்துச் சந்தையிலேயே பார்க்கிறீர்கள். தமிழும் கன்னடமும் மலையாளமும் பேசி வியாபாரம் பண்ணுகிற பத்து வயதுப் பையன்கள் இல்லையா? படிப்பு வேண்டுமானால் பாட்டியின் பேச்சை விட்டுவிட்டு வா என்று வாசலில் கேட்கிறோமே, அந்த வரியைத்தான் ரத்துச் செய்யச் சொல்லுகிறேன்.

ஆகவே செய்யக்கூடியது என்ன? மலையிலிருந்து வந்திருக்கும் வாலிபத் தோழர்களே! உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசி, எமெனோவுக்குக் கிடைக்காத கருவி. இன்றிரவே உங்கள் பாட்டியை உட்காரவைத்து, அவர் சம்மதம் கேட்டு, பேச்சைப் பதிவு செய்யுங்கள். சமையலைச் சொல்லச் சொல்லுங்கள். மூலிகையைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தகப்பனாரைச் சின்ன வயதில் எப்படித் திட்டினார் என்று கேளுங்கள். பேசியவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் நகல் வையுங்கள். அதைப் படித்தவர்களிடம் காட்டி உதவி கேளுங்கள். ஆனால் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும்விட, நாளைக்குப் பிறக்கிற பிள்ளையோடு அந்தப் பாஷையில் பேசுங்கள்.

அடிவாரத்துத் தோழர்களே! உங்களை அகராதி எழுதச் சொல்லவில்லை. வாத்தியாராயிருப்பவர் அந்தப் பிள்ளையிடம் "உங்கள் பேச்சில் இதற்கு என்ன பெயர்?" என்று வகுப்பில் எல்லார் முன்பும் மரியாதையாய்க் கேளுங்கள். கடைக்காரராயிருப்பவர் சிரிக்காதிருங்கள். உங்கள் பையன் சிரித்தால் தடுங்கள். என்னை அன்று யாராவது தடுத்திருந்தால் பஸ்ஸில் அந்தப் பையன் பாட்டிக்கு அவள் பாஷையிலேயே பதில் சொல்லியிருப்பானோ என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

பாஷை விதியால் சாவதில்லை. மனிதர் கொன்று சாகிறது. மனிதர் முயன்று பிழைக்கிறது. நான் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசியுங்கள். மலைக்குப் போய் விசாரியுங்கள். சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.